வெங்காயத்துக்கு ஒரு மணி நேரம், ஞொக்கிக்கு இரண்டு நிமிடம்

இத்தாலியில் தூரின் நகரத்தின் போர்த்தா பலாத்ஸோ சந்தையில் உருளைக்கிழங்கு கேட்டால், எத்தனை கிலோ என்பதற்கு முன்னால் "எதற்கு?" என்றுதான் கேட்பார்கள். பொரிக்கவா, சாலடுக்கா, ஞொக்கி என்கிற குட்டி உருளைக்கிழங்கு உருண்டைகளுக்கா? ஞொக்கிக்கு என்று சொல்லிவிட்டால் முன்னால் பளபளவென்று அடுக்கியிருக்கும் புதுக்கிழங்கைத் தொடவே மாட்டார்கள். பின்னால் இருக்கும் சாக்கிலிருந்து மண் ஒட்டிய, தோல் தடித்த பழைய கிழங்கை அள்ளிப் போடுவார்கள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் பழசைத் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. பழைய கிழங்கில் மாவுச்சத்து அதிகம், தண்ணீர் குறைவு. தண்ணீர் குறைந்தால் மைதாவும் குறைவாகப் போதும். மைதா குறைந்தால்தான் ஞொக்கி வாயில் கரையும்.

இன்று செய்யப்போவது, பழுக்க வதக்கிய வெங்காயமும் உருகிய சீஸும் சேர்த்து ஓவனில் வைத்து எடுக்கும் ஞொக்கி. இந்தச் சமையல் முழுவதுமே தண்ணீரை விரட்டுகிற வேலைதான். கிழங்கில் இருக்கும் தண்ணீர், வெங்காயத்தில் இருக்கும் தண்ணீர், சீஸில் இருக்கும் தண்ணீர். எதை அரைகுறையாக விட்டாலும் கடைசியில் ஓவனிலிருந்து வெளியே வருவது கஞ்சி.

ஞொக்கி என்பது மசித்த உருளைக்கிழங்கில் கொஞ்சம் மைதா சேர்த்து, உருட்டி, கட்டைவிரல் நுனி அளவுக்கு வெட்டி, கொதிநீரில் போட்டு எடுப்பது. ரோமில் வியாழக்கிழமை ஞொக்கி நாள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை குடல் என்று பழைய கணக்கு. தெற்கே சொரெந்தோவில் தக்காளிச் சாறும் மொத்ஸரெல்லா சீஸும் போட்டு ஓவனில் வைப்பார்கள். நான் இருக்கும் பியெமோந்தே பக்கத்திலும் மேலே அவோஸ்தா பள்ளத்தாக்கிலும் தக்காளி கிடையாது, ஃபொன்தீனா சீஸை உருக்கி ஊற்றுவார்கள். அதோடு நன்றாகப் பழுக்க வதக்கிய வெங்காயத்தைச் சேர்ப்பது என் சேர்க்கை. இத்தாலியச் சமையலில் சுத்தபத்தம் பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் வெங்காய சூப்பின் மேல் கிரூயேர் சீஸை உருக்கிச் சாப்பிடுகிற பிரெஞ்சுக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள்.

நான்கு பேருக்கு அளவு சொல்லிவிடுகிறேன். வெங்காயம் 1 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, மைதா 250 கிராம், முட்டை மஞ்சள் கரு ஒன்று, ஃபொன்தீனா 200 கிராம், துருவிய பார்மிஜானோ (பார்மசான்) சீஸ் 50 கிராம், பால் 400 மில்லி, வெண்ணெய் மொத்தம் 80 கிராம். ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு, ஜாதிக்காய், கிடைத்தால் தைம் இலை கொஞ்சம்.

வெங்காயத்தில் முதலில் கை வையுங்கள். தோலுரித்து இரண்டாகப் பிளந்து, வேரிலிருந்து நுனி வரை நீளவாக்கில் நறுக்க வேண்டும். குறுக்கே வளையம் வளையமாக நறுக்கினால் ஒரு மணி நேரத்தில் கரைந்து கூழாகிவிடும். நீளவாக்கில் நறுக்கியது கடைசி வரை இழையாக நிற்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். ரொம்ப மெல்லிசாகச் சீவினால் ஓரங்கள் கருகும். இங்கே சாதாரண மஞ்சள் தோல் வெங்காயம்தான் வாங்குகிறேன். கலாப்ரியாவிலிருந்து வரும் சிவப்புத் த்ரொப்பேயா வெங்காயம் பச்சையாகவே தின்னும் அளவுக்கு இனிப்பு, அதை இதில் போடுவது வீண். நம் ஊரில் செய்பவர்களுக்குப் பல்லாரியே போதும். சின்ன வெங்காயமும் அருமையாக வரும், ஒரு கிலோவை உரித்துத் தரும் புண்ணியவான் வீட்டில் இருந்தால்.

அடி கனமான, அகலமான வாணலியை எடுங்கள். நான்ஸ்டிக் வேண்டாம், அடியில் பிடிக்கிற பழுப்பில்தான் பாதிச் சுவை இருக்கிறது. வெண்ணெய் 40 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வெங்காயம், அரைத் தேக்கரண்டி உப்பு. மூடி போட்டு மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். வாணலி விளிம்பு வரை நின்ற வெங்காயம் பாதியாக அமுங்கி, தன் தண்ணீரிலேயே நீந்தும். இனி மூடி தேவையில்லை.

இங்கிருந்துதான் பொறுமை வேண்டும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கிற வரை வாணலிக்குள் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. நிறம் மாற வேண்டுமென்றால் தாண்டியாக வேண்டும். தீயைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அவ்வப்போது கிளறிக்கொண்டு காத்திருங்கள். கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லும். முதலில் தளதளவென்று கொதிக்கிற சத்தம். அது மெல்ல அடங்கி, சுர்ரென்று எண்ணெயில் பொரிகிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடத்திலிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது.

அடியில் பழுப்பாகப் பிடிக்கத் தொடங்கும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் அந்தப் பழுப்பு முழுக்கக் கரைந்து வெங்காயத்தில் ஏறிக்கொள்ளும். தண்ணீர் வற்றும், மறுபடி பிடிக்கும், மறுபடி தெளித்துச் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம் ஒரு படி ஏறும்: வெளிர் மஞ்சள், பொன், செம்பு, கடைசியில் கருப்பட்டி நிறம். அங்கே நிறுத்துங்கள். அரை டம்ளர் வெள்ளை வைன் ஊற்றி வற்றவிடலாம். வைன் வேண்டாம் என்றால் ஒரு தேக்கரண்டி வினிகர். இனிப்பு திகட்டாமல் இருக்க ஏதாவது ஒரு புளிப்பு அவசியம். தைம் இலையை இப்போது உதிர்த்துப் போடுங்கள். எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று எழுதுகிறவர்கள் இதைச் செய்ததே இல்லை என்பது என் கட்சி.

சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், வெங்காயத்தின் சர்க்கரையே போதும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சீக்கிரம் சிவக்கும், உண்மைதான். ஆனால் இழை உடைந்து குழைந்துவிடும். சூப்புக்குப் பரவாயில்லை, இதற்குச் சரிப்படாது. பிரியாணிக்குப் பொரிக்கிற மொறுமொறு வெங்காயத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஈரப்பசையோடு, கரண்டியில் எடுத்தால் மொத்தமாக வரும் பதம். ஒரு கிலோ சுருங்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் அடங்கிவிடும். பார்த்து ஏமாற வேண்டாம், அது போதும்.

வெங்காயம் அமுங்கிக்கொண்டிருக்கும்போதே கிழங்கு வேகட்டும். தோலோடு, முழுதாக, ஒரே அளவுக் கிழங்குகளாகப் பார்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றுங்கள். வெட்டி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். நடுத்தரக் கிழங்குக்குக் கொதி வந்ததிலிருந்து முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும்.

கையில் இருக்கும் கிழங்கு மாவுக் கிழங்கா, மெழுகுக் கிழங்கா என்று தெரியவில்லையென்றால் முன்கூட்டியே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கப் உப்பைப் பதினொரு கப் தண்ணீரில் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, ஞொக்கிக்கு ஆகும். மிதந்தால் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்ததும் சூடாகவே தோலை உரித்து மசிக்க வேண்டும். இத்தாலிய வீடுகளில் இதற்கென்றே ஒரு கைக்கருவி உண்டு. கிழங்கை உள்ளே வைத்து அழுத்தினால் ஓட்டைகள் வழியாகப் புழுப்புழுவாக விழும். நம் முறுக்கு உழக்கு செய்கிற வேலைதான் அது. தேன்குழல் அச்சைப் போட்டுப் பிழியுங்கள், அச்சு அசலாக அதே பலன். மிக்சியில் மட்டும் போடாதீர்கள். பிளேடு மாவுச்சத்தைக் கிழித்துப் பசையாக்கிவிடும், அப்புறம் போஸ்டர் ஒட்டத்தான் ஆகும். பிழிந்ததை மேடையில் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் ஆவி போகவிடுங்கள். ஆவியோடு தண்ணீரும் போகிறது.

கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு தேக்கரண்டி உப்பு, மஞ்சள் கரு, முக்கால்வாசி மைதா. விரல் நுனியால் சேர்த்துக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். சப்பாத்தி மாவு போல உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தால் ரப்பர் ஆகிவிடும். ஒட்டினால் மட்டும் மீதி மைதாவைத் தூவுங்கள். ஒரு துண்டை மட்டும் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். பிரிந்து கரைந்தால் இன்னும் ஒரு கை மாவு. உருவம் நின்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். பிறகு விரல் தடிமனில் கயிறாக உருட்டி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். முள்கரண்டியில் உருட்டி வரி போடுவது அழகுதான், குழம்பும் அந்த வரியில் பிடிக்கும். ஆனால் சீஸுக்கு அடியில் புதைந்து ஓவனுக்குள் போகப்போகிற ஞொக்கிக்கு எதற்கு அலங்காரம்? நான் போடுவதில்லை.

உப்புப் போட்ட கொதிநீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அடியில் போய் உட்காரும், இரண்டு நிமிடத்தில் மேலே மிதந்து வரும். வந்த உடனே அரிகரண்டியால் எடுத்து, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லையா? கடையில் 500 கிராம் பாக்கெட் இரண்டு வாங்குங்கள். இங்கேயும் வார நாட்களில் என் வீட்டில் பாக்கெட்தான். அதை வேகவைக்காமலே ஓவனில் வைக்கலாம், சாஸில் மட்டும் 100 மில்லி பால் கூடுதலாகச் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். வெங்காயத்துக்குத்தான் குறுக்கு வழி இல்லை.

இப்போது சீஸ். ஃபொன்தீனா அவோஸ்தா பள்ளத்தாக்கில் பசும்பாலைக் காய்ச்சாமல் அப்படியே உறைய வைத்துச் செய்வது, குறைந்தது எண்பது நாள் பழுத்த பிறகே விற்பனைக்கு வரும். உருகினால் வழுவழுவென்று இழையும், கொட்டைப் பருப்பின் வாசனை வரும். கிடைக்காதவர்கள் கிரூயேரோ எமெந்தாலோ எடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் கட்டியாக வரும் பீட்ஸா மொத்ஸரெல்லா பாதி, செடார் பாதி. தண்ணீரில் மிதக்கும் ஈர மொத்ஸரெல்லா என்றால் முந்தின இரவே பிய்த்து வடிகட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். துருவியே விற்கிற பாக்கெட் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், சாஸ் சொரசொரக்கும். கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

சைவக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஃபொன்தீனா, பார்மிஜானோ இரண்டுமே கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைப்பவை. இங்கே வரும் நண்பர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, நானாகவே சொல்லிவிடுவேன். இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்ட சீஸ் வாங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. முட்டையும் வேண்டாமென்றால் மஞ்சள் கருவை விட்டுவிடுங்கள், நல்ல பழைய கிழங்காக இருந்தால் அது இல்லாமலே நிற்கும்.

சாஸ் சுலபம். 25 கிராம் வெண்ணெயை உருக்கி, மைதா டப்பாவிலிருந்து தனியாக 25 கிராம் எடுத்துப் போட்டு, பச்சை வாசனை போக ஒரு நிமிடம் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறம் படிகிற பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகுதான் துருவிய ஃபொன்தீனாவில் முக்கால் பங்கைப் போட்டுக் கிளறுவது. கொதிக்கும்போது போட்டால் கொழுப்பு தனியே பிரிந்து எண்ணெய் மிதக்கும். ஜாதிக்காயைக் கொஞ்சமாக உரசி, மிளகுத் தூளைத் தாராளமாகப் போடுங்கள். பச்சை மிளகாய்ப் பக்கம் கை போகத்தான் செய்யும், இந்த ஒரு முறை அடக்கிக்கொள்ளுங்கள்.

30க்கு 20 சென்டிமீட்டர் பாத்திரத்தில் மீதி வெண்ணெயைத் தடவி, ஞொக்கி, சாஸ், வெங்காயத்தில் மூன்றில் இரண்டு பங்கு எல்லாவற்றையும் லேசாகப் புரட்டிக் கொட்டுங்கள். மேலே மீதி வெங்காயத்தை அங்கங்கே வைத்து, மீதி ஃபொன்தீனா, கடைசியில் பார்மிஜானோ. வெங்காயம் சீஸுக்கு அடியில் இருக்கட்டும், மேலே தெரிந்தால் கருகும். 200 டிகிரிக்குச் சூடேறிய ஓவனில் பதினைந்து நிமிடம். ஓரங்களில் குமிழ் விட்டுக் கொதித்ததும் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு இரண்டு மூன்று நிமிடம், பழுப்புப் புள்ளிகள் வரும் வரை. ஓடிஜி ஓவன் என்றால் இந்தக் கட்டத்தில் எதிரிலேயே நில்லுங்கள், பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையில் அரை நிமிடம்தான்.

எடுத்ததும் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சாஸ் இறுகுவதற்காக மட்டுமல்ல, நாக்குக்காகவும்தான். கூடவே எலுமிச்சை பிழிந்த கசப்புக் கீரை சாலட் ஏதாவது வைத்துக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் மூன்றாவது கரண்டிக்கே கண் சொருகும்.

விருந்துக்கு என்றால் முந்தின நாளே எல்லாவற்றையும் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் அலுமினியத் தாள் மூடி இருபது நிமிடம், திறந்து பத்து நிமிடம். மிஞ்சியதை மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள், சீஸ் எண்ணெய் கக்கும். வாணலியில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, அசைக்காமல் அடியில் ஆடை கட்டும் வரை விட்டுப் புரட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்த மறுநாள் வறுவலுக்குத்தான் சண்டை.