டிசம்பரில் கொழும்பு: 15 ஆம் திகதிக்கு முன்னும் பின்னும்

வெளிநாட்டிலிருந்து டிசம்பரில் ஊருக்கு வருகிறவர்களில் பலருக்குக் கொழும்பு என்பது பெட்டியை வைத்துவிட்டுப் படுத்தெழும்பும் இடம். இறங்கியதும் இரண்டு இரவு, திரும்பும்போது இரண்டு இரவு, நடுவில் யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ. ஆனால் அந்த நாலு இரவுக்குள்தான் கல்யாணச் சாறி, நகை, பிறப்புச் சான்றிதழ், தூங்கிப்போன வங்கிக் கணக்கு, நடக்கமாட்டாத பெரியம்மாவைப் பார்ப்பது, பிள்ளைகளுக்குக் கடல் காட்டுவது எல்லாவற்றையும் திணிக்கப் பார்ப்பார்கள். டிசம்பர்க் கொழும்பு அதற்கு இடம் கொடுக்காது.

வெள்ளவத்தையில் இருக்கிற என் டிசம்பரைச் சொன்னால் விளங்கும். அலுவலகத்தில் ஆண்டு முடிவுக் கணக்கு. வீட்டில் பிள்ளைகளின் தவணைப் பரீட்சை முடிவும் அடுத்த ஆண்டுக் கொப்பி, சப்பாத்து வாங்கலும். அதற்குள் கல்யாணவீடுகள், யாரோ ஒருவரின் அரங்கேற்றம், தமிழ்ச் சங்கத்தில் புத்தக வெளியீடு, அம்மாவின் பிள்ளையார் கதை விரதம், பக்கத்து வீட்டிலிருந்து வரும் நத்தார்ப் பலகாரத் தட்டு. இவற்றோடு கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணா குடும்பம், லண்டனிலிருந்து சித்தி. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "உனக்கு லீவுதானே, ஒருக்கா கூட வாவன்." லீவு உங்களுக்கு. எங்களுக்கு ஆண்டிலேயே அதிகம் ஓடுகிற மாதம் இது. அதைத் தெரிந்துகொண்டு வந்தால் பாதி மனக்கசப்பு குறையும்.

இந்த மாதத்தை 15 ஆம் திகதியில் வெட்டிப் பாருங்கள். 16 ஐ ஒட்டி மார்கழி பிறக்கிறது. மார்கழியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே முகூர்த்தமெல்லாம் முதல் இரண்டு வாரத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். மண்டபம், ஐயர், படம் எடுப்பவர், மணப்பெண் அலங்காரம் செய்பவர், மாலை கட்டுபவர் எல்லாருக்கும் அந்த நாட்களில் மூச்சுவிட நேரமில்லை. அரச அலுவலகங்களும் அதுவரைதான் ஒழுங்காக ஓடும். 20 தாண்டினால், "கையெழுத்துப் போடும் ஐயா லீவு, ஜனவரியில் வாங்கோ" என்பதைக் கேட்கத் தயாராக இருங்கள். காரியங்கள் முதல் பாதியில், கோயிலும் தேவாலயமும் உறவும் ஊர்சுற்றலும் இரண்டாம் பாதியில். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை 20 க்குப் பிறகுதான் தொடங்குகிறது என்றால், குடும்பத்தில் ஒருவர் முன்கூட்டி வரட்டும். அல்லது அலுவலக வேலையை ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். நடுவில் நின்று அல்லாடாதீர்கள்.

வந்து இறங்குதல்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியை அரசின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். அதே மாதிரி தோற்றமுள்ள இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகக் காசு கறக்கும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். சிம் அட்டையை வருகை மண்டபத்திலேயே வாங்கலாம். டயலொக்கும் மொபிடெல்லும் அங்கே உண்டு.

கட்டுநாயக்காவிலிருந்து நகரம் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2013 இல் திறந்த அதிவேகப் பாதையில் பேலியகொடை வரை வருவது சுகம். பேலியகொடையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதுதான் உண்மையான பயணம், அதுவும் மாலை நேரமென்றால். நள்ளிரவில் இறங்குகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தனியாளாக, சின்னப் பையோடு பகலில் வந்தால் 187 ஆம் இலக்க பஸ் கோட்டைக்குக் கொண்டுவந்து விடும். பெட்டிகளோடு வந்தால் பிக்மி, ஊபர் செயலி ஒன்றில் வாகனம் போடுங்கள். வெளியே கூப்பிடுகிறவர்களிடம் பேரம் பேசிக் களைக்க வேண்டாம்.

தங்க இடம் வெள்ளவத்தையில் எடுப்பதுதான் என் யோசனை. காலி வீதியில் இறங்கினால் தமிழில் பேசி எல்லாம் வாங்கலாம், இடியப்பமும் சொதியும் எந்த நேரமும் கிடைக்கும், பம்பலப்பிட்டியும் தெஹிவளையும் கைக்கெட்டிய தூரம். டிசம்பருக்குத் தொடர்மாடி வீடுகளும் அனெக்ஸ்களும் முன்கூட்டியே நிரம்பிவிடும். பதிவு செய்யும்போது லிஃப்ட் வேலை செய்கிறதா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். கடல் தெரியும் அறை என்று படம் காட்டுவார்கள். அந்தக் கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். எனக்குப் பழகிவிட்டது, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

நகருக்குள் போய்வர, அலுவலக நேரம் தவிர்த்தால், ரயிலைப் போல் எதுவுமில்லை. வெள்ளவத்தை நிலையத்தில் ஏறினால் கடலோரமாகவே கோட்டைக்குப் போய்விடலாம். காலி வீதியில் 100, 101 ஆம் இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மாலையில் ஓட்டோவில் வந்தால் மரைன் டிரைவ் வழியாகப் போகச் சொல்லுங்கள்.

கடதாசி வேலை

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுமுறையைத் தின்பது இதுதான். வெளிநாட்டில் காட்டவேண்டிய பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்கு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சி தேவைப்படும். அந்தப் பிரிவு பத்தரமுல்லையில், சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. விசா வேலைகளைப் பார்க்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் அங்கேதான். ஆகவே இரண்டு வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் நேரத்துக்கே போங்கள். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குக் கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் அங்கேயும் உண்டு.

சான்றிதழின் புதிய பிரதி வேண்டுமென்றால் பதிவு இலக்கம், திகதி, பிரிவு ஆகிய மூன்றையும் பழைய பிரதியிலிருந்து போனில் படம் எடுத்து வைத்திருங்கள். இவை இல்லாமல் போனால் தேடல் விண்ணப்பம் என்று இன்னொரு வரிசை. கணினியில் ஏற்றப்பட்ட பதிவு என்றால் பிறந்த ஊருக்குப் போகாமலே வேறு பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க வாய்ப்புண்டு. முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். பெயரின் எழுத்து ஒவ்வொரு கடதாசியிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது நம்மில் பாதிப்பேருக்கு உள்ள நோய். அதற்குச் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் பல இடங்களில் உதவும். மொழிபெயர்ப்பை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் கொடுங்கள்; கடையில் தட்டச்சு செய்து தருவது எடுபடாது.

வேலைக்குப் போகும் நாளில் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பரில் வருவது உந்துவப் போயா, சங்கமித்தை வெள்ளரசுக் கிளையைக் கொண்டுவந்ததை நினைவுகூரும் நாள். அன்று அலுவலகம், வங்கி பூட்டு, மதுக்கடையும் பூட்டு. மாமாமார் முதல் நாளே யோசித்துக்கொள்வார்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை.

புறக்கோட்டைக்குக் காலையில்

மாலையில் இடிமழை வரக்கூடிய மாதம். புறக்கோட்டைத் தெருக்களில் மழை பெய்தால் தண்ணீரும் சனமும் தள்ளுவண்டியும் ஒன்றாக நகரும். பத்து மணிக்குள் போய், மதியத்தோடு திரும்பிவிடுங்கள். நத்தார் நெருங்க நெருங்க நடைபாதையெல்லாம் கடைதான்; 15 க்கு முன் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

துணிக்குக் கெய்சர் வீதி. நாட்டு மருந்துச் சரக்குக்குக் கபோஸ் லேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909 இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நகைக்குச் செட்டியார் தெரு. நம் அம்மாமார் பவுண் கணக்கில் பேசுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு, ஒரு பவுண் என்றால் 8 கிராம் என்று முதலே சொல்லி வையுங்கள். பல கடைகளில் செய்கூலியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். அங்கே போனவர்கள் பூபாலசிங்கம் புத்தகசாலையையும் எட்டிப் பாருங்கள், ஈழத்து எழுத்து அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகிற எண்ணமிருந்தால் கடைக்கு முதலில் போன் பண்ணுங்கள்.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவர்கள் வந்து இறங்கிய அன்றே கொடுத்துவிட வேண்டும். தையல்காரருக்குக் கல்யாணமும் நத்தாரும் ஒன்றாக வருகிற மாதம். "நாளைக்குத் தாறன் அக்கா" என்பார், அந்த நாளை எது என்று சொல்லமாட்டார்.

மார்கழிக் காலை, நத்தார் இரவு

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பாதி. பிள்ளையார் கதை 21 நாள் விரதம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கோயில்களில் மாலையில் கதை படிப்பார்கள். திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் திருவெம்பாவை. அது டிசம்பர்க் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ வரும் என்பதால், வருகிற ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து விமானச்சீட்டை எடுங்கள். விடிய முன் எழும்பி ஒரு நாளாவது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். 1907 தொடங்கி 1912 வரை சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எழுப்பிய கோயில். அந்த நேரத்தில் வீதி வெறிச்சோடியிருக்கும், வெள்ளவத்தையிலிருந்து விரைவாகப் போய்விடலாம். உள்ளே அந்தக் கல் மண்டபத்தில் "ஆதியும் அந்தமும் இல்லா" என்று தொடங்கும்போது, விமானம் ஏறிய அலுப்பு எங்கே போனதென்று தெரியாது. ஆண்கள் வேட்டி கொண்டு போங்கள். சில கோயில்களில் மேற்சட்டை கழற்றவேண்டி வரும்.

அந்தப் பக்கம் போனால் புனித அந்தோனியார் தேவாலயமும் பக்கத்திலேயே. செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் வந்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பில் சிதைந்து மீண்டும் எழுந்த இடம். பெரிய பைகளோடு போகாதீர்கள், சோதிப்பார்கள். 24 ஆம் திகதி நள்ளிரவுப் பூசைக்கு எந்தத் தேவாலயமென்றாலும் நேரத்துக்கே போனால்தான் இருக்க இடம். அடுத்த நாள் கிறிஸ்தவ நண்பர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகவேண்டாம். அங்கே ரவையும் கஜுவும் போட்டுச் செய்த கேக்கைத் துண்டு துண்டாகக் கடதாசியில் சுற்றி வைத்திருப்பார்கள். இரண்டாவது துண்டை வேண்டாமென்று சொல்வது கஷ்டம்.

26 ஆம் திகதி காலை 9.25 க்கு ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காக நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். தெருவில் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

சனி, ஞாயிறு மாலைகளில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். 1942 இல் தொடங்கிய சங்கம், நல்ல நூலகமும் உண்டு. காலிமுகத்திடலுக்குப் பிள்ளைகளை இறால் வடைக்குக் கூட்டிப்போவதென்றால் சாதாரண நாளில் போங்கள். 31 இரவில் போனால் திரும்பிவர வாகனம் கிடைக்காது. தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரம், மேகமில்லாத நாளில் ஏறலாம். அவ்வளவுதான்.

வடக்குக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாண ரயில் ஆசனங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும், டிசம்பர் நாட்களுக்குத் திறந்த கையோடு முடிந்துவிடும். விமானச்சீட்டு எடுத்த அன்றே நாட்காட்டியில் குறித்து வைத்து, கடவுச்சீட்டு இலக்கத்தோடு இணையத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். "கூடக் கொஞ்சம் தந்தால் எடுத்துத் தாறன்" என்பவர்களை நம்பவேண்டாம். ரயில் கிடைக்காவிட்டால் வெள்ளவத்தையிலிருந்தே இரவு சொகுசு பஸ்கள் புறப்படும், விடியலில் இறக்கிவிடும். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஏசியைக் குறைக்கச் சொன்னால் குறைக்கமாட்டார்கள். கொழும்பு வெயிலைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். வடக்குக் கிழக்கில் இது மாரி, குடை கட்டாயம்.

நுளம்பைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஆண்டு முடிவில் டெங்கு கூடும். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பயணக் காப்புறுதிக் கடதாசியின் படம் போனில் இருக்கட்டும்.

உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று ஏழு பேர் வந்து நின்றால் சமைக்கிறவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். சொக்கலேற்றை விட, அவர்களை ஒரு நாள் வெளியே சாப்பிடக் கூட்டிப்போவது இந்த மாதத்தில் பெரிய உதவி.

திரும்பும்போது மிளகாய்த்தூளை நன்றாக இறுக்கி, இரட்டைப் பையில் கட்டிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தின்பண்டம் எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். பறித்தால் பனங்கட்டி போகும், மறைத்தால் தண்டம். பயணம் 24, 31 ஆம் திகதி மாலையில் என்றால் வழமையை விட இரண்டு மணி நேரம் முன்னதாகவே வெள்ளவத்தையை விட்டு வெளிக்கிடுங்கள்.