திரைத்துறைச் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்குத் தயாராவது எப்படி?

திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனங்களுக்காக அரசிடம் வாதாடும் சங்கத்தை வழிநடத்த விரும்புபவர், படப்பிடிப்புத் தளத்தைவிடச் சட்டமியற்றும் அவையை நன்கு அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1922இல் தொடங்கப்பட்டு, இன்று மோஷன் பிக்சர் அசோசியேஷன் என வழங்கும் அமைப்பின் முதல் தலைவர் வில் ஹேஸ் அஞ்சல் துறைத் தலைவராக இருந்தவர். 1966 முதல் 2004 வரை அதை நடத்திய ஜாக் வாலன்டி, அதிபர் ஜான்சனின் உதவியாளராகப் பணியாற்றியவர்.

ஆகவே, சட்டமன்றக் குழு அலுவலகத்திலோ பதிப்புரிமை வழக்குகளிலோ சில ஆண்டுகள் உழைப்பது நல்ல தொடக்கம். பதிப்புரிமை, திருட்டுப் பதிப்பு, படப்பிடிப்புக்கான வரிச்சலுகை, வணிக ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் ஒன்றையேனும் ஆழமாகக் கற்று, அதை ஒரே பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். நீண்ட அறிக்கையைப் படிக்கச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு நேரமிருப்பதில்லை.

உண்மையில் கடினமான பணி சங்கத்துக்குள்ளேதான் இருக்கிறது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் மோஷன் பிக்சர் அசோசியேஷனில் சேர்ந்தபோது, திரையரங்கை நம்பிய ஸ்டுடியோக்களும் இணையவழி ஒளிபரப்பு நிறுவனமும் ஒரே மேசையில் அமர்ந்தன. இத்தகைய போட்டியாளர்கள் அனைவரும் கையெழுத்திடக்கூடிய ஒரு நிலைப்பாட்டை எழுதும் திறனைச் சிறிய குழுக்களிலேயே பயிலுங்கள்.

அரசுப் பதவியிலிருந்து வருபவர்கள் காத்திருப்பு விதியையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்க செனட்டர்கள் பதவி விலகிய பின் இரண்டு ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்ட முடியாது.