வீட்டில் ஹைட்ரஜன்: மூன்று சிரிஞ்சும் ஒரு ரூட்டர் அடாப்டரும் போதும்

தண்ணீரில் பைக் ஓட்டலாம், சிலிண்டர் வாங்காமல் அடுப்பெரிக்கலாம் என்ற வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதில் இறங்குகிறீர்கள் என்றால் முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1 ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் தண்ணீருக்குள் போனால் கிடைப்பது அரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைவான ஹைட்ரஜன். இது ஃபாரடே விதி, எந்த ரகசிய ஃபார்முலாவும் இதை மாற்றாது. 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஆற்றல் வேண்டுமானால் சுமார் 3,200 லிட்டர் ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் டப்பா ஒன்றில், அதாவது ஒரு செல்லில், 10 ஆம்பியர் விட்டு இரவு பகலாக ஓட்டினாலும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும், அதற்குள் நீங்கள் செலவழிக்கும் கரண்டின் ஆற்றல் திரும்பக் கிடைப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் தண்ணீரில் ஓடும் வண்டி என்று சொல்லி முதலீடு வாங்கிய ஸ்டான்லி மேயர் செய்தது அப்பட்டமான மோசடி என்று 1996-இல் ஒஹையோ நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அவர் பெயரில் வரைபடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

எரிபொருள் ஆசையை விட்டுவிட்டால் மிச்சமிருப்பது நல்ல பரிசோதனை. 1800-இல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்டாவின் பேட்டரியை வைத்துப் பிரித்த அதே தண்ணீரை நீங்களும் பிரித்து, இரண்டு பங்கு ஹைட்ரஜன் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதை அளவுக்கோட்டில் பார்த்துவிடலாம்.

செய்யக் கூடாதவை மூன்று. ஸ்டீல் தகடுகளை நெருக்கமாக அடுக்கி இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் எடுக்கும் 'எச்.எச்.ஓ. ட்ரை செல்' வேண்டாம், ஏனென்றால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெடிப்பதற்குச் சரியான விகிதத்தில் ஏற்கெனவே கலந்தே வருகின்றன, ஒரு சின்னத் தீப்பொறி குழாய் வழியே பின்னோக்கி ஓடினால் டப்பாவே சிதறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூன், ஆணி எதையும் தண்ணீருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் மின்முனையாகப் போடாதீர்கள், தண்ணீர் மஞ்சளாக மாறினால் அது குரோமேட், புற்றுநோய் வரவழைக்கும் நச்சு. சமையல் உப்பு கூடவே கூடாது, ஆக்சிஜன் வரவேண்டிய பக்கத்தில் குளோரின் வரும்.

சரி, பொருட்களுக்கு வருவோம். மெடிக்கல் ஷாப்பில் 20 மி.லி. சிரிஞ்சு மூன்று, அப்புறம் த்ரீ-வே ஸ்டாப்காக் இரண்டு கேளுங்கள். ட்ரிப் ஏற்றும்போது குழாயைத் திறந்து மூட வைப்பார்களே, அந்தச் சின்னத் திருகு. சிரிஞ்சின் மூக்கில் அப்படியே பொருந்தும், பசை எதுவும் தேவையில்லை. தண்ணீருக்குப் பெட்ரோல் பங்கிலோ பேட்டரி கடையிலோ கிடைக்கும் பேட்டரி வாட்டர், குழாய்த் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும், குளோரைடும் இருக்கும். மின்சாரத்துக்குப் பழைய ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டர். வீட்டு 230 வோல்ட்டை நேராகவோ டயோடு போட்டோ இதில் கொடுக்க நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.

மின்முனைதான் இதில் முக்கியம். பென்சில் கரி வேலை செய்யும், ஆனால் ஆக்சிஜன் பக்கம் அரித்துக் கருப்புத் தூளாக உதிரும், அந்தப் பக்கத்து அளவும் தப்பாக வரும். நல்லது நிக்கல். லித்தியம் பேட்டரி பேக் கட்டுபவர்கள் ஸ்பாட் வெல்டிங்குக்குப் பயன்படுத்தும் 8 மி.மீ. அகல நிக்கல் பட்டை கடைகளில் கிடைக்கிறது, அதில் பலவும் நிக்கல் முலாம் பூசிய இரும்பு என்பதுதான் சிக்கல். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். ஒரு சின்னத் துண்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் கீறல்களில் செம்பழுப்புத் துரு தெரிந்தால் அது இரும்பு, அப்படியே பளபளவென்று இருந்தால் நிக்கல்.

தண்ணீரில் கரண்ட் ஓட வாஷிங் சோடா சேர்க்க வேண்டும், அரை லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. நுரை வந்தால் அதில் சோப்பு கலந்திருக்கிறது, வேறு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவை இரும்பு வாணலியில் போட்டு மிதமான தீயில் வறுத்தால் போதும். மாவு தானாகவே கொதிப்பதுபோல் குமிழ்விட்டு அசையும், உள்ளிருந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுவதுதான் அது, அசைவு முழுக்க அடங்கியதும் கையில் இருப்பது வாஷிங் சோடா. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிக்கும். காஸ்டிக் சோடா போட்டால் கரண்ட் இன்னும் நன்றாக ஓடும் என்பது உண்மை, ஆனால் கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வையே போகலாம், இந்த அளவு வேலைக்கு அது தேவையே இல்லை.

இப்போது பூட்டுவது. இரண்டு சிரிஞ்சின் பிஸ்டனையும் உருவிவிட்டு, மூக்கு மேலே வருமாறு தலைகீழாக, ஆழமான கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்த வேண்டும். டப்பா மூடியில் சிரிஞ்சு இறுக்கமாகப் போகும் அளவில் இரண்டு ஓட்டை, நடுவே 2 செ.மீ. இடைவெளி, காற்றுப் போக ஓரத்தில் இன்னொரு ஓட்டை. சிரிஞ்சின் வாய் டப்பாவின் அடியிலிருந்து ஒன்றரை செ.மீ. தூக்கி இருக்கட்டும். நிக்கல் பட்டையை 'ப' எழுத்தைப் படுக்காமல் நிமிர்த்திப் போட்டதுபோல் வளைத்து, ஒரு கால் சிரிஞ்சுக்குள்ளும் மறு கால் டப்பாவின் ஓரமாக மேலே வெளியேயும் வருமாறு வையுங்கள். உள்ளே இருக்கும் நுனியில் 2 செ.மீ. மட்டும் வெறுமையாக விட்டு மற்றதை எல்லாம் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) மூடிவிடுங்கள், வெறும் பகுதி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் குமிழி சிரிஞ்சுக்குள் போகாமல் தப்பிவிடும். ஒயரைத் தண்ணீருக்கு மேலேதான் இணைக்க வேண்டும். செம்பு தண்ணீரில் பட்டால் பாசிட்டிவ் பக்கம் கரைந்து நீலப்பச்சையாக்கிவிடும்.

சோடா தண்ணீரை ஊற்றுங்கள், மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஏனென்றால் வாயு சேரச் சேரத் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு மட்டம் ஏறும். ஸ்டாப்காக்கைத் திறந்து மூன்றாவது சிரிஞ்சால் உறிஞ்சினால் தண்ணீர் மூக்கு வரை ஏறிவிடும், உடனே மூடுங்கள். அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். அடாப்டரைப் போட்டதும் நெகட்டிவ் பக்கம் பால் போன்ற நுண்குமிழிகள் எழும், அதுதான் ஹைட்ரஜன். சிரிஞ்சின் 0 கோடு மூக்குப் பக்கம் இருப்பதால், தலைகீழாக எண்கள் தெரிந்தாலும் வாயுவின் அளவை நேராகவே படிக்கலாம். கால் ஆம்பியர் ஓடினால் நிமிடத்துக்கு 2 மி.லி.க்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன் வரும். 12 மி.லி. சேர்ந்ததும் நிறுத்துங்கள், வாயு மின்முனையைத் தொடக் கூடாது.

முதல் ஓட்டத்தில் ஆக்சிஜன் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். அந்தப் பட்டை கருத்துப்போவதில் கொஞ்சம் செலவாகிறது, கொஞ்சம் தண்ணீரில் கரைகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி ஓட்டினால் 12-க்கு 6 என்று கிட்டே வரும்.

எரித்துப் பார்க்க வேண்டுமா? அடாப்டரைக் கழற்றிவிட்டு, காலி சிரிஞ்சால் ஹைட்ரஜனை ஸ்டாப்காக் வழியே உறிஞ்சிக்கொண்டு செல்லை விட்டுச் சில அடி தள்ளிப் போங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீருக்குள் மெதுவாக அழுத்தினால் குமிழிகள் மிதக்கும். சிரிஞ்சை அப்புறப்படுத்திய பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நீளமான குச்சியின் நுனியில் கட்டிய மெழுகுவத்தித் தீயை நீட்டுங்கள். தூய ஹைட்ரஜன் மென்மையாக 'பப்' என்னும், கூர்மையான வெடிச்சத்தம் வந்தால் காற்று கலந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், அதனால் பலூனிலோ பாட்டிலிலோ சேமிக்கவே வேண்டாம். ஆக்சிஜனுக்குக் கங்கு மட்டும் இருக்கும் ஊதுபத்தி போதும், பக்கென்று பிரகாசமாகும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. வாயு இரண்டும் உள்ளே இருக்கும்போது அடாப்டரைக் கழற்றிவிட்டு அதே ஒயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள், 1 வோல்ட்டுக்கு மேல் காட்டி மெல்ல இறங்கும். செல் இப்போது பேட்டரியாகிவிட்டது. பிளாட்டினத்தை வைத்து வில்லியம் குரோவ் இதைத்தான் 1840-களில் வாயு பேட்டரி என்று காட்டினார், ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் எடுக்கும் இன்றைய ஃப்யூவல் செல்லின் முன்னோடி.

முடித்ததும் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், மூடி போட்ட பாட்டிலில் பெயர் எழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சோடா செலவாவதில்லை, தண்ணீர் மட்டும்தான் குறையும். அடுத்த முறை வெறும் பேட்டரி வாட்டரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தால் போதும்.