பாத்டப், ஷவர் உள்ள குளியலறைக்குப் பகல் வெளிச்சம்: வெண்டிலேட்டரைக் கீழே இறக்கும் முறை

பட்டப்பகலில் லைட் போட்டுக் குளிக்க வேண்டிய குளியலறைகள் நம் ஊரில் ஏராளம். நல்ல பாத்டப் வைத்திருப்பார்கள். சுவரின் உச்சியில் இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு வெண்டிலேட்டர் இருக்கும், அதிலும் பாதியை எக்ஸாஸ்ட் ஃபேன் அடைத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மொட்டைமாடியைத் துளைத்து ஸ்கைலைட் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் வெயில் செங்குத்தாக விழும், அந்தச் சூடு முழுவதும் உள்ளே இறங்கும். தளத்துக் கம்பிகளை அறுக்க வேண்டிவரும், மழைக்காலத்தில் ஒழுகாமல் காப்பதும் பெரும்பாடு.

அதைவிடச் சுலபமான வழி, இருக்கிற வெண்டிலேட்டரை அதே அகலத்தில் கீழ்நோக்கி நீட்டுவது. மேலே லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் உத்தரம்) ஏற்கெனவே இருக்கிறது. அகலத்தைக் கூட்டினால் புது லிண்டல் போட வேண்டும். உயரத்தைக் கீழே கூட்டினால் தேவையில்லை. எங்கள் வெண்டிலேட்டரின் அடிப்பகுதி தரையிலிருந்து ஐந்தரை அடியில் இருந்தது. அதை மூன்றரை அடிக்கு இறக்கினோம். 3 சதுர அடித் திறப்பு 7 சதுர அடி ஆகிவிட்டது.

முதலில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஷவர் இருக்கும் சுவர் என்றால் டைவர்ட்டரிலிருந்து (தண்ணீரை ஷவருக்குத் திருப்பிவிடும் வால்வு) ஷவருக்கு ஏறும் கன்சீல்டு பைப், அதாவது சுவருக்குள் பதித்த குழாய், இருக்கும், கீசர் வயரும் போயிருக்கலாம். வீடு கட்டும்போது எடுத்த போட்டோக்கள் இருந்தால் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் சுவர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் வெந்நீரைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு டைல்ஸைக் கையால் தடவிப் பாருங்கள். வெந்நீர்க் குழாய் அதிக ஆழத்தில் இல்லையென்றால் அது போகும் தடம் வெதுவெதுப்பாகத் தெரியும். வேலை தொடங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் வால்வையும் மூடிவிடுங்கள்.

குறியிட்டு அறுப்பது

உள்ளே போட்ட கோடும் வெளியே போட்ட கோடும் ஒத்துப்போக, கீழ் மூலைகள் இரண்டிலும் நீளமான டிரில் பிட்டால் சுவரின் மறுபக்கம் வரை துளை போடுங்கள். வெளியே அந்தத் துளைகளை வைத்தே கோடு கிழிக்கலாம். பிறகு கட்டிங் மெஷினில் டைமண்ட் பிளேடு மாட்டி, கோட்டின் மேலேயே இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும். நேரடியாகச் சுத்தியலும் உளியுமாகக் கொத்த ஆரம்பிக்கும் கொத்தனாரைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பக்கத்து டைல்ஸ் விரிசல் விடும். லிண்டலைத் தாங்கும் பக்கவாட்டுச் செங்கல்களும் ஆடிவிடும். அறுத்த பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகக் கல்லை எடுக்கலாம்.

அடிப்பலகை, கசிவு

ஜன்னலின் அடியில் கிரானைட் போடுங்கள், மரம் வேண்டாம். ஷவர் தண்ணீர் தினமும் அதன் மேல் விழும். கண்ணாடிக்கு உள்பக்கம் உள்ள பகுதி பாத்டப்பை நோக்கிக் கால் அங்குலமாவது சரிந்திருக்கட்டும், வெளிப்பக்கம் வெளியே சரியட்டும். கல் பதிப்பதற்கு முன் வாட்டர் புரூஃபிங் கலவை இரண்டு கோட், மூலைகளில் ஃபைபர் வலை. இதைத் தவிர்த்தால் வெளிச்சுவரில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

கண்ணாடி: பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி

உடைந்தால் குத்தாத டஃபன்ட் கண்ணாடிதான் வேண்டும். வழுக்கிக் கையூன்ற வாய்ப்புள்ள இடம் இது. டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அதனால் கிரானைட்டும் பூச்சும் முடிந்து காய்ந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மறைப்பு. கடைகளில் பெரும்பாலும் காட்டுவது ஒருபக்கம் சொரசொரப்பாக்கிய ஃப்ராஸ்டட் கண்ணாடி. காய்ந்திருக்கும்போது நன்றாக மறைக்கும். சொரசொரப்பான பக்கம் நனைந்தால், அந்த நுண்ணிய மேடுபள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடும். கண்ணாடி ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். ஷவர் திறந்த நேரத்தில் இது நடந்தால் எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வழவழப்பான பக்கம் ஷவரை நோக்கியும் சொரசொரப்பு வெளியிலும் இருக்க வேண்டும். மேலே சன்ஷேட் இருந்தால் சாரலிலும் அது அதிகம் நனையாது. கடையிலேயே ஈர விரலால் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் என்று ஸ்டிக்கர் ஒட்டி வாங்குங்கள்.

செலவு செய்ய முடிந்தால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பால்வெள்ளைப் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி வாங்குங்கள். எந்தப் பக்கம் நனைந்தாலும் மறைப்பு மாறாது. என் விருப்பம் அதுதான். ஒட்டும் ஃபிலிம் வேண்டாம், ஈரத்தில் ஓரம் பிரியும்.

ஃப்ரேமுக்கு யூபிவிசி என்னும் கெட்டி பிளாஸ்டிக் போதும். மேல் ஒரு அடியைத் திறக்கக்கூடிய லூவராக (சாய்வான கண்ணாடிப் பட்டைகள்) விட்டு, கீழே அசையாத கண்ணாடி வையுங்கள். ஓரங்களுக்குப் பூஞ்சை பிடிக்காத நியூட்ரல் சிலிக்கான். வினிகர் வாடை அடிக்கும் சாதா வகை வேண்டாம். சிலிக்கான் காய்ந்ததும் ஷவரைக் கண்ணாடி ஓரத்தில் பதினைந்து நிமிடம் அடித்து, வெளிச்சுவரில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வந்த வெளிச்சத்தைப் பரப்ப

டப்புக்கும் அறைக்கும் நடுவே கனமான திரை தொங்கினால் வெளிச்சம் டப்போடு நின்றுவிடும். தெளிவான கண்ணாடித் தடுப்பு வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெளிர்நிற டைல்ஸ், சீலிங்கில் வெள்ளை. கிழக்கு ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம், காலைக் குளியலுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. மேற்கு என்றால் சன்ஷேட் கட்டாயம்.

பின்சேர்க்கை 1: இரவில் உள்ளே லைட் போட்டால் நிழலுருவம் தெரிகிறதே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். விளக்கு உங்களுக்குப் பின்னால் இருந்தால்தான் நிழல் கண்ணாடியில் விழும். விளக்கை ஜன்னல் சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே மாற்றுங்கள். அப்புறம் இருட்டியதும் வீட்டில் யாரையாவது வெளியே நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: அடுக்குமாடியில் இதைச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் எழுதியிருப்பது ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு, அதுவும் தனி வீட்டுக்கு. புதிய குடியிருப்புகள் பலவற்றில் சுவரே கம்பி கட்டிய காங்கிரீட். கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது அதுதான், அதைத் தொடவே கூடாது. மற்ற சுவர்களுக்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வார்த்தையும் அசோசியேஷன் அனுமதியும் வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள். வெளிச்சுவரே இல்லாத குளியலறை என்றால், கதவு நிலைக்கு மேலே சுவர் திறந்து கண்ணாடி போட வழியிருக்கிறதா என்று அதே இன்ஜினியரிடம் கேளுங்கள். பக்கத்து பெட்ரூமில் நல்ல ஜன்னல் இருந்தால், பகலில் லைட் போடாமல் டப் வரை நடந்துபோகும் அளவுக்கு அதிலிருந்து வெளிச்சம் வரும்.