ஃபிளைட் சிமுலேட்டருக்கு கிராஃபிக்ஸ் கார்டு: வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டியவை

மற்ற கேம்களுக்கான வேக ஒப்பீட்டைப் பார்த்து சிமுலேட்டருக்குக் கார்டு வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வேறு கேமில் நொடிக்கு 150 ஃபிரேம் (படம்) தரும் அதே கார்டு, பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது 35-இல் திணறும். விமானத்தின் சிஸ்டம்கள், காற்றியக்கக் கணக்கு, சுற்றியுள்ள விமானப் போக்குவரத்து, தரையில் எதை வரைய வேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றில் பெரும்பங்கு ப்ராசஸரின் ஒரே த்ரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வேலை வரிசை) ஓடுகிறது. அந்த த்ரெட் முடித்துக் கொடுக்கும்வரை கார்டு சும்மா காத்திருக்கும். அப்போது எவ்வளவு பெரிய கார்டை மாட்டினாலும் ஃபிரேம் ஏறாது.

ஆகவே இப்போதிருக்கும் கணினியில் எது தடை என்று முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பெட்டியைத் திறந்தால், தடை மெயின் த்ரெட்டா (ப்ராசஸர்) ஜிபியூவா (கார்டு) என்று அதுவே எழுதிக் காட்டும். எக்ஸ்-பிளேன் 12-இல் டேட்டா அவுட்புட் பக்கத்தில் ஃபிரேம் ரேட் வரியைத் திரையில் காட்டச் சொன்னால் சிபியூ (ப்ராசஸர்) நேரம், ஜிபியூ நேரம் இரண்டும் தனித்தனியே தெரியும். எது பெரிதோ அதுதான் தடை. டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் வலது கன்ட்ரோலையும் பாஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஃபிரேம் விவரம் திரையில் வரும். எந்த சிமுலேட்டரானாலும் இன்னொரு எளிய வழி உண்டு: ரெண்டர் அளவை (படத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்ற சதவீதம்) 100-இலிருந்து 50-க்கு இறக்குங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டு போதவில்லை. அசையவே இல்லையென்றால் ப்ராசஸர்தான் தடை.

இந்தச் சோதனையை நடுக்கடலின் மேல் பறந்து செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் கனமான விமானத்தை, நெரிசலான விமான நிலையத்தில், மேகம் நிறைந்த வானிலையில் நிறுத்தி, விசிங்கை (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) அணைத்துவிட்டுச் செய்யுங்கள். விசிங் இயங்கினால் 60 அல்லது 30-இல் எண் பூட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

தடை ப்ராசஸர் என்று தெரிந்தால் பணம் அங்கேதான் போக வேண்டும். 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி போன்ற பெரிய கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கொண்ட ப்ராசஸர்கள் சிமுலேட்டர்களுக்கு மிகப் பொருத்தமானவை.

தடை கார்டுதான் என்றால், அடுத்து பிக்சல் கணக்கு. 1920×1080 திரையில் சுமார் 21 லட்சம் பிக்சல், 2560×1440-இல் 37 லட்சம், 4கே-யில் 83 லட்சம். 1440 திரை மூன்றைப் பக்கவாட்டில் வைத்தால் 1 கோடியே 10 லட்சம். அது 4கே-யையும் தாண்டிய சுமை. மெட்டா குவெஸ்ட் 3 என்ற விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064×2208 வீதம், இரு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். லென்ஸின் வளைவைச் சரிசெய்ய அதைவிடப் பெரிய படத்தை வரைய வேண்டியிருப்பதால் உண்மைச் சுமை இன்னும் கூடும். கார்டு வாங்குமுன் திரையை முடிவு செய்துவிடுங்கள்.

எங்கள் பார்வையில், வேகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது விரேம், அதாவது கார்டிலேயே இருக்கும் நினைவகம். சிமுலேட்டர் உலகத்தையே டெக்ஸ்சராக (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களாக) இழுத்துக்கொண்டு பறக்கிறது. காக்பிட்டின் ஒவ்வொரு பலகையும், கூடுதலாக வாங்கிய விமான நிலையமும், மற்ற விமானங்களின் வண்ணப்பூச்சும் அங்கே இடம் கேட்கும். விரேம் நிரம்பினால் மிச்சம் கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்டு, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக வந்து போகும். புறப்படும்போது 50 ஃபிரேம், இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது 12 என்று சரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் மெமரி (விரேம்) உச்சத்தில் நிற்க, ஷேர்டு மெமரி (கணினியின் ரேமில் எடுத்த இடம்) ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம்.

இன்று 1080 திரைக்கு 8 ஜிபி என்பது அடிமட்டம், 12 இருந்தால் நிம்மதி. 1440-க்கு 12-க்குக் குறையாமல் பாருங்கள். 4கே, மூன்று திரை, விஆர் மூன்றுக்கும் 16-இலிருந்து தொடங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவை 8, 16 என இரு அளவிலும் உண்டு. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுபோலவே இருக்கும். 16-ஐக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு நுணுக்கம்: ஆர்டிஎக்ஸ் 4060 வகைக் கார்டுகள் 8 பிசிஐஇ லேன்களை (தரவு ஓடும் தடங்கள்) மட்டுமே பயன்படுத்துகின்றன. மூன்றாம் தலைமுறை பிசிஐஇ கொண்ட பழைய மதர்போர்டில் மாட்டினால் அந்தப் பாதை பாதியாகி, விரேம் வழியும்போது திணறல் இன்னும் மோசமாகும்.

என்விடியாவா ஏஎம்டியா? நீங்கள் ஓட்டும் சிமுலேட்டரைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரிலும் டிசிஎஸ்-இலும் டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா நுட்பம்) கிடைப்பதால் என்விடியாவுக்கு அங்கே கூடுதல் பலம். எக்ஸ்-பிளேன் 12 வல்கனில் (கார்டுக்குக் கட்டளை தரும் புதிய முறை) ஓடுவதால் இரண்டும் நன்றாகவே ஓடும். ஆனால் பழைய பிளக்-இன்கள் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள்) ஓபன்ஜிஎல் என்ற பழைய முறையில் வரைவதால் ஏஎம்டி கார்டில் சிக்கல் வரலாம். செட்டிங்கில், ஓபன்ஜிஎல்-ஐ வல்கனாக மாற்றும் ஜிங்க் தேர்வை இயக்கிப் பாருங்கள். டிஎல்எஸ்எஸ் வேகத்தைத் தந்தாலும் காக்பிட் திரைகளில் ஓடும் உயர எண்கள் வால் விட்டு மங்கும். கருவிகளைப் பார்த்தே பறப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை, அதனால் முழு அளவிலேயே வரைந்து விளிம்பை மென்மையாக்கும் டிஎல்ஏஏ அல்லது டிஏஏ-வில் ஓடுமளவு கார்டில் தெம்பு வைத்துக்கொள்வது நல்லது.

ஃபிரேம் ஜெனரேஷன் இடையிடையே படங்களைச் செருகுவதால் ப்ராசஸர் தடையிலும் காட்சி வழுவழுப்பாகத் தெரியும். அடிப்படை ஃபிரேம் 40-க்கு மேல் இருந்தால் பயன் தரும். 20-இல் இயக்கினால் ஸ்டிக் அசைவுக்கும் விமானத்துக்கும் இடையே தாமதம் உறுத்தும். விஆர்-இல் இதை நம்பி வாங்காதீர்கள்.

இரண்டு கார்டு போட்டால் இரட்டை வேகம் என்ற காலம் முடிந்துவிட்டது.

மின்சாரத்துக்கு வருவோம். ஆர்டிஎக்ஸ் 4070 சுமார் 200 வாட், ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263, ஆர்டிஎக்ஸ் 4090 450 வாட் எடுக்கும். முதலாவதற்கு 650 வாட் பவர் சப்ளை, கடைசியதற்கு 850-க்குக் குறையக் கூடாது. கார்டில் இரண்டு 8-பின் இணைப்பு இருந்தால், ஒரே வயரின் இரு தலையை மாட்டாமல் தனித்தனி வயர் கொண்டுவாருங்கள். வேறு பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) வயரைக் கலக்கவே கூடாது. பின் வரிசை மாறி கார்டு எரிந்துபோகும். புதிய 16-பின் இணைப்பை இடைவெளி தெரியாதபடி முழுக்க உள்ளே தள்ளுங்கள். பிளக்கை ஒட்டியே வயரை மடக்காதீர்கள், குறைந்தது 35 மில்லிமீட்டராவது நேராக வரட்டும். அரைகுறையாக ஏறிய பிளக் சூடாகி உருகிய சம்பவங்கள் உண்டு.

கேபினட்டில் கார்டுக்கான நீளத்தை டேப் வைத்து அளங்கள். பெரிய கார்டுகள் 30 சென்டிமீட்டரைத் தாண்டும், மூன்று ஸ்லாட் அகலம் பிடிக்கும், தொங்காமல் தாங்கும் கம்பியும் வேண்டும். எத்தனை டிஸ்ப்ளே இணைப்பு இருக்கிறது என்றும் எண்ணுங்கள். பெரும்பாலான கார்டுகள் நான்கு திரை வரை ஓட்டும். காக்பிட் கருவிகளைத் தனி விண்டோவாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் ஃபிரேமைத் தின்னும்.

மாட்டியதும் மானிட்டர் வயர் மதர்போர்டில் இல்லாமல் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கம்) ரீசைசபிள் பாரை (ப்ராசஸர் விரேம் முழுவதையும் நேரடியாக அணுக விடும் அமைப்பு) இயக்குங்கள். வேறு நிறுவனக் கார்டிலிருந்து மாறினால் பழைய டிரைவரை முழுதாக நீக்குங்கள். பிறகு முதலில் சோதித்த அதே விமானம், நிலையம், வானிலையில் அரை மணி நேரம் ஓட்டி, விரேம் அளவையும் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.