வீட்டிலிருந்து போட்ட பதிவுதானே? மாணவர் பேச்சுரிமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், பள்ளிக்கு அனுப்பவிருந்த கடிதத்தைப் போன மாதம் என்னிடம் காட்டினார். முதல் பத்தியிலேயே நின்றுவிட்டேன். "மாணவர் பள்ளிக்கு வெளியே எழுதியதால் அவரைத் தண்டிக்கப் பள்ளிக்கு அதிகாரம் இல்லை." 2021இல் நானும் ஏறக்குறைய இதே வாக்கியத்தை எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு பையனின் அரையாண்டுப் படிப்பு போனது.

கோபத்தில் எழுதாதே, கணக்கைப் பூட்டி வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அமெரிக்காவில் அரசு நடத்தும் பொதுப் பள்ளியிலிருந்து ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்த பிறகு பெற்றோரும் இளம் வழக்கறிஞர்களும் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கே எழுதினான் என்று மட்டும் வாதாடுவது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான்.

எல்லோரும் கையில் எடுப்பது மஹனாய் என்ற பள்ளி நிர்வாகம் சம்பந்தப்பட்ட அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை. பென்சில்வேனியாவில் விளையாட்டு அணிகளை உற்சாகப்படுத்தி ஆடும் சியர்லீடிங்கின் முதல்நிலை அணியில் இடம் கிடைக்காத மாணவி ஒருவர், 2017இல் ஒரு சனிக்கிழமை, கடையொன்றிலிருந்து ஸ்னாப்சாட்டில் பள்ளியையும் அணியையும் வசைச்சொல்லால் திட்டிப் படம் போட்டார். ஏறத்தாழ 250 நண்பர்கள் பார்க்கக்கூடிய பதிவு. ஒருவர் அதைப் படம் பிடித்துப் பரப்ப, இருந்த இளையோர் அணியிலிருந்தும் அவரை ஓராண்டுக்கு நீக்கினார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் மாணவி பக்கம் தீர்ப்பளித்தது.

செய்தியின் தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்கள், வெளியே எழுதினால் பள்ளி தொட முடியாது என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படிச் சொன்னது கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்த கடுமையான வம்பு, ஆசிரியருக்கோ மாணவருக்கோ மிரட்டல், பாடம் மற்றும் கணினி விதிகளை மீறுவது, பள்ளியின் பாதுகாப்பு ஏற்பாடுகளை உடைப்பது போன்றவற்றில் வெளியிலும் பள்ளி தலையிடலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் நீதிபதி பிரேயர் எழுதினார். அதே சமயம், பள்ளிக்குள்ளும் வெளியிலும் மாணவர் பேசுவதையெல்லாம் பள்ளி கட்டுப்படுத்தினால் அவர்கள் 24 மணி நேரமும் வாய் திறக்க முடியாமல் போகும் என்றும் எச்சரித்தார்.

2011இல் வந்த இரண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பென்சில்வேனியாவில் ஒரு மாணவர் பாட்டி வீட்டுக் கணினியில் பிரின்சிபாலைக் கேலி செய்து மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத்தில் பக்கம் உருவாக்கினார், வென்றார். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மாணவி வீட்டுக் கணினியில் சக மாணவியை இழிவுபடுத்தி மைஸ்பேஸ் பக்கம் தொடங்கினார், தோற்றார். இரண்டும் பள்ளிக்கு வெளியேதான். யாரைப் பற்றி எழுதினார்கள், அதனால் பள்ளியில் என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு.

என் வழக்கில் பையன் ஒரு ஆசிரியரின் மதிப்பெண் முறையைக் கிழித்து எழுதியிருந்தான். அது அவன் உரிமை. ஆனால் அதே உரையாடலின் கீழே சக மாணவன் ஒருவனைப் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. முழு உரையாடலையும் கேட்டு வாங்கிப் படிக்காமல், இடத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். பள்ளி அந்த இரண்டு வரிகளை எடுத்து வைத்தது. வகுப்பே கலைந்து போனது என்று ஓர் ஆசிரியர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. வகுப்பு வழக்கம்போல நடந்தது என்று சொல்லக்கூடிய மாணவர்களைத் தேடிப் போனபோது மூன்று வாரம் கடந்திருந்தது. யாரும் முன்வரவில்லை.

மஹனாய் வழக்கில் இதற்கு ஆதாரம் இருந்தது. இரண்டொரு நாள், அல்ஜீப்ரா வகுப்பில் 5 முதல் 10 நிமிடப் பேச்சு, அணியில் சிலருக்கு வருத்தம், அவ்வளவுதான் நடந்தது என்பது பதிவாகியிருந்தது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் டிங்கர் வழக்கில் 1969இல் வகுத்த "கணிசமான இடையூறு" என்ற அளவுகோலுக்கு அது எட்டவில்லை.

அதனால் நோட்டீஸ் வந்த அன்றே முழு உரையாடலையும் நேரம், தேதியோடு எடுத்து வையுங்கள். மறுநாள் எந்த வகுப்பு நடந்தது, எது நின்றது, யார் புகார் கொடுத்தார்கள் என்று பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள். சட்டம் பேசுவது அப்புறம்.

பதிவை அவசரமாக அழிப்பது

ஸ்கிரீன்ஷாட் அவர்களிடம் இருக்கும். முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்பது உங்களிடம் இருக்காது.

தனியார் பள்ளியிலும் இதே வாதம்

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதலாம் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் பள்ளி என்றால் முதலில் சேர்க்கை ஒப்பந்தத்தையும் மாநிலச் சட்டத்தையும் படியுங்கள்.

"விளையாட்டுக்குச் சொன்னான்"

மிரட்டல் போலப் படிக்கப்படும் எதையும் இப்படிச் சமாளிக்காதீர்கள். போலீஸ் வரக்கூடிய விஷயம் இது. வழக்கறிஞர் வரும்வரை பிள்ளை எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாய்மொழியாக முடித்துக்கொள்வது

பத்து நாள்வரையிலான சஸ்பென்ஷனுக்கும் குற்றச்சாட்டு என்ன என்று சொல்ல வேண்டும். மாணவர் மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். 1975இல் காஸ் எதிர் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த குறைந்தபட்சம் இது. சட்டப்படி வாய்மொழியே போதும் என்றாலும், எந்த விதியை மீறினான் என்பதை எழுத்தில் கேளுங்கள். பல பள்ளிகள் அங்கேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அணியிலிருந்துதானே நீக்கினார்கள் என்று விட்டுவிடுவது

மஹனாய் மாணவியை வகுப்பிலிருந்து யாரும் நீக்கவில்லை. போனது அணியில் இருந்த இடம் மட்டுமே. அதற்கும் பாதுகாப்பு கிடைத்தது. அவருடைய ஒழுங்கு நடவடிக்கைப் பதிவை நீக்கும்படி விசாரணை நீதிமன்றம் பள்ளிக்கு உத்தரவிட்டது. சமரசம் பேசினாலும் பதிவேட்டிலிருந்து நீக்குவதை எழுதி வாங்குங்கள்.