காலி டேங்கும் புயல் காற்றும்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய எண்ணெய் டேங்கைப் புயல் கவிழ்த்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். 60 மீட்டர் விட்டமுள்ள டேங்க் கவிழ்வது அரிது. அதன் சுவர் உள்பக்கமாக நசுங்குவதுதான் உண்மையான ஆபத்து. அந்த விட்டத்துக்கு ஏபிஐ 650 (எண்ணெய் டேங்குகளுக்கான அமெரிக்கத் தரநிலை) கேட்கும் குறைந்தபட்ச ஷெல் தடிமன், அதாவது உருளைச் சுவரின் தடிமன், 8 மில்லிமீட்டர்தான். சுவர் எஃகு பிளேட் அடுக்குகளால் ஆனது; மேல் அடுக்குகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும்.

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு, நிரம்பிய டேங்கை மனதில் வைத்து வடிவமைப்பது. உள்ளே எண்ணெய் இருந்தால் அது சுவரை வெளியே தள்ளி, காற்றுக்கு எதிராகத் தாங்கிக்கொள்ளும். காலியாக இருக்கும்போது அந்தத் துணை இல்லை. மேலே திறந்த, மிதக்கும் கூரை டேங்கில் (கூரை எண்ணெயின் மேலேயே மிதக்கும்) நிலைமை இன்னும் மோசம்: விளிம்பைத் தாண்டிப் போகும் காற்று உள்ளே உறிஞ்சலை உண்டாக்கி, காற்றடிக்கும் பக்கத்துச் சுவரை மேலும் உள்ளே இழுக்கும்.

அதனால்தான் மேல்விளிம்பில் விண்ட் கர்டர், அதாவது சுவரைச் சுற்றி இறுக்கும் எஃகு வளையம், வைக்கிறோம். ஆனால் அது ஒன்றே போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். 60 மீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் தடிமன், மணிக்கு 190 கிலோமீட்டர் காற்று என்றால், நடுவில் வேறு வளையம் இல்லாமல் விடக்கூடிய உயரம் ஏறக்குறைய 3.7 மீட்டர். துரு 1 மில்லிமீட்டரைத் தின்றுவிட்டால் அது 2.6 மீட்டராகிவிடும்! புது பிளேட்டின் தடிமனை மட்டும் வைத்துக் கணக்கை முடித்துவிடுவது அதனால்தான் ஆபத்து.

நடு வளையத்தை ஷெல்லின் பாதி உயரத்தில் மாட்டிவிடுவதும் தவறு. கீழ் அடுக்குகள் தடித்தவை, மேல் அடுக்குகள் மெல்லியவை. அடுக்குகளின் தடிமனுக்கேற்ப மாற்றிய உயரத்தில்தான் (தடித்த அடுக்கைக் குறைந்த உயரமாகக் கணக்கிட்டு) பாதியைத் தேட வேண்டும். அது உண்மையான பாதிக்கு மேலேதான் விழும். கிடைமட்ட வெல்டிங்கிலிருந்து 150 மில்லிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். படிக்கட்டுக்காக கர்டரை வெட்டினால், வெட்டிய இடத்தை ஈடுகட்டாமல் விடக் கூடாது.

அப்புறம் காற்றின் வேகம். செய்தியில் வரும் புயல் வேகத்தை அப்படியே எடுக்காதீர்கள். இந்திய வானிலைத் துறை சொல்வது 3 நிமிடச் சராசரி. வடிவமைப்புக்கு வேண்டியது 3 விநாடி வீச்சு, அதாவது 3 விநாடிச் சராசரியில் வரும் உச்ச வேகம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி சென்னைக்குத் தரும் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய தொழிற்சாலைக் கட்டுமானம் என்றால் அந்த வேகத்தைப் புயல் காரணி 1.15-ஆல் பெருக்க வேண்டும், அப்போது மணிக்கு 207 கிலோமீட்டர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், அந்த 15 சதவீதம் 32 சதவீதமாகிவிடுகிறது. இந்தக் காரணியை விட்டுவிடுவதுதான், என்னைப் பொறுத்தவரை, மன்னிக்க முடியாத தவறு.

டேங்க் கட்டி முடியும் முன்பே காற்று வரலாம். கர்டர் ஏறாத, பாதி எழுந்த ஷெல்தான் எல்லாவற்றையும் விடப் பலவீனமானது. வேலை நின்ற ராத்திரியிலும் சுவரை இழுத்துப் பிடிக்கும் தாங்குகயிறுகள் இருந்தாக வேண்டும்.

காற்றோடு வெள்ளமும் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. 2005 கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மெரோ என்ற ஊரில், 2,50,000 பீப்பாய் கொள்ளும் டேங்கில் சுமார் 65,000 பீப்பாய்தான் இருந்தது. வெள்ளம் அதைத் தூக்கி நகர்த்தியது. சுமார் 25,000 பீப்பாய் கச்சா எண்ணெய் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் எந்த டேங்கை எந்த உயரம் வரை நிரப்ப வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே கணக்கிட்டு, ஆபரேட்டர் கையில் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.